ராப்சடி: ஊசியும் நூலுமாகப் பிறந்த ஒரு பரவசச் சொல்

முதன்முதலாக முழுச் சூரிய கிரகணம் பார்த்துவிட்டு ஒரு தங்கை தன் அண்ணனுக்கு ஃபோன் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணா, நீ வந்திருக்கணும்ணா. சொன்னா புரியாது. முதல்ல வெளிச்சம் ஒரு மாதிரி சாம்பலா... சாம்பல் இல்ல, வெள்ளி மாதிரி, அதுவும் இல்ல. குருவியெல்லாம் சட்டுனு அடங்கிடுச்சு. காத்து ஜில்லுனு. அப்புறம் அந்த மோதிரம்ணா! ஒரே ஒரு வைரம் வெச்ச மோதிரம் வானத்துல. அதுவும் போச்சு. கறுப்பா ஒரு வட்டம், சுத்தி வெள்ளை முடி பறக்கிற மாதிரி... நான் அழுதுட்டேன்ணா. ஏன்னு தெரியல. பக்கத்துல யாரோ, முன்ன பின்ன தெரியாதவங்க, அவங்களும் அழறாங்க. திரும்பக் குருவி கத்த ஆரம்பிச்சுது பாரு, அதுதான், அதைத்தான் உனக்குச் சொல்லணும்னு..."

அண்ணன் நடுவில் 'ம்' கொட்டுவதோடு சரி. அவள் சொன்னதில் பாதி வாக்கியங்கள் முடியவே இல்லை. ஒன்றைச் சொல்லி, அதை மறுத்து, இன்னொன்றுக்குத் தாவி, மறுபடியும் குருவிக்கே வந்து நிற்கிறாள். ஆனாலும் கேட்கிற அண்ணனுக்குப் புல்லரிக்கிறது. இப்படிப்பட்ட பேச்சுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது: ராப்சடி.

இதற்குப் 'பரவசம்', 'பேருவகை' என்றெல்லாம் பொருள் சொல்வதுண்டு. பாதிதான் சரி. தங்கையின் நெஞ்சுக்குள் இருப்பது பரவசம். அது வாய்வழியே கொட்டும்போது எடுக்கிற வடிவம்தான் ராப்சடி. வாயே திறக்காமல் ஒருவர் பரவசப்படலாம். ஆனால் சொல்லாகவோ எழுத்தாகவோ இசையாகவோ ஏதாவது வெளியே வந்தால்தான் அது ராப்சடி. மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல்லோடு நான் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்ட பிறகுதான் அது எனக்கு வசப்பட்டது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உச்சரிப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஆர், ஹெச், ஏ, பி, எஸ், ஓ, டி, ஒய் என்று எட்டு எழுத்துகள். ஹெச் ஒலிக்காது. முதல் அசை 'ரா'வுக்கும் 'ரே'வுக்கும் நடுவில், 'பேங்க்' என்று சொல்லும்போது வருகிற உயிரொலியோடு வரும். அழுத்தம் அந்த முதல் அசையில்தான். நடுவில் இருக்கும் ஓ என்ற எழுத்து 'அ' போலத் தேய்ந்துவிடும். 'ராப்சோடி' என்று இழுக்க வேண்டாம். பெயரடையாகும்போது மட்டும் அழுத்தம் நடுவுக்கு நகர்ந்து 'ராப்சாடிக்' என்று ஒலிக்கும்.

ஒலிக்காத ஹெச் எதற்கு என்று கேட்கலாம். அது கிரேக்கத்தின் அடையாளம். கிரேக்கச் சொல்லின் முதலில் 'ர' வந்தால் அதைக் கொஞ்சம் மூச்சோடு சேர்த்து உச்சரிப்பார்கள். அந்த மூச்சை லத்தீன்காரர்கள் ஹெச் போட்டு எழுதினார்கள். ரிதம், ரெட்டரிக், ரைனோசரஸ் எல்லாவற்றிலும் அதே ஹெச் ஒளிந்திருக்கிறது. ராப்சடியும் அந்த வழியில் வந்த சொல்தான்.

கிரேக்கத்தில் 'ராப்டைன்' என்றால் தைத்தல். 'ஓய்டே' என்றால் பாட்டு. இரண்டும் சேர்ந்து 'ராப்சோய்டோஸ்', பாட்டைத் தைப்பவர். இந்த 'ஓய்டே' ஆங்கிலத்தில் எங்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்: மெலடி, காமெடி, டிராஜெடி, பாரடி எல்லாவற்றின் வாலிலும் அதே பாட்டுதான். தலைப்பக்கம் இருக்கும் தையலோ மருத்துவமனைக்குப் போய்விட்டது. குடலிறக்கத்தைத் தைத்துச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு 'ஹெர்னியோராஃபி' என்று பெயர். அந்த 'ராஃபி' தையல்தான். சர்ஜன் கையில் இருக்கும் ஊசிக்கும் கவிஞர் வாயில் இருக்கும் பாட்டுக்கும் வேர் ஒன்று.

பாட்டைத் தைப்பது என்பது தமிழ் வாசகருக்கு அந்நியமாகப் படாது. நாம் பாட்டைத் தொடுக்கிறோம். யாப்பிலக்கணத்தில் எதுகை, மோனை முதலியவற்றுக்குத் 'தொடை' என்றே பெயர். தொடுத்து முடித்தால் பாமாலை. 'நூல்' என்ற சொல் புத்தகத்துக்கும் பொது, தையல் இழைக்கும் பொது. நன்னூல் அந்த ஒப்புமையை ஒரு வெண்பாவாகவே விரிக்கிறது. சொல் பஞ்சு, புலவன் நூல் நூற்கும் பெண், வாய் அவள் கை, மதி கதிர் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டும். கிரேக்கரும் நாமும் ஒரே விதமாக யோசித்திருக்கிறோம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. மாலை தொடுத்தால் பூவுக்குப் பின் பூ வரிசையாக வரும். தையலில் எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் ஒட்டலாம். பின்னால் இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததெல்லாம் அந்த ஒட்டுத் தையலால் நேர்ந்ததுதான்.

சரி, ராப்சோடர் எனப்பட்ட அந்தப் பாட்டுத் தையல்காரர்கள் யார்? பழைய கிரேக்கத்தில் ஊர் ஊராகப் போய், திருவிழாக்களில் மேடையேறி, ஹோமரின் காப்பியங்களை மனப்பாடமாகச் சொன்னவர்கள். இலியத் 15,000 அடிகளுக்கு மேல். ஒடிசி 12,000 அடிகளுக்கு மேல். ஒரே மூச்சில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. அதனால் இங்கிருந்து ஒரு பகுதி, அங்கிருந்து ஒரு பகுதி என்று எடுத்து இணைத்துச் சொல்வார்கள். அப்படி ஒரு தடவையில் சொல்லக்கூடிய பகுதிக்குத்தான் ராப்சடி என்ற பெயர் வந்தது. இன்றும் கிரேக்க மொழியில் இலியத்தின் 24 பிரிவுகளில் ஒவ்வொன்றையும் ராப்சடி என்றே சொல்கிறார்கள்.

இவர்களுக்கு முந்தைய பாடகர்கள் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு பாடினார்கள். ராப்சோடர் கையில் இருந்தது ஒரு கோல். கோலுக்குக் கிரேக்கத்தில் 'ரப்டோஸ்'. அதனால் 'கோல் பிடித்துப் பாடுபவர்' என்பதுதான் பெயர்க்காரணம் என்று அந்தக் காலத்திலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய அறிஞர்கள் தையலின் பக்கம்தான். கவிஞர் பிண்டாரே ஹோமர் மரபினரைத் 'தைத்த சொற்களின் பாடகர்கள்' என்று தன் பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் அழைக்கிறார்.

வெறும் ஒப்பிப்புத்தானே என்று எண்ணிவிடக் கூடாது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் ஒரு செய்தி சொல்கிறார். சிக்யோன் நகரை ஆண்ட கிளைஸ்தனிஸுக்கு ஆர்கோஸ் நகரோடு போர். ஹோமரின் பாடல்களிலோ எங்கு பார்த்தாலும் ஆர்கோஸின் புகழ். ஆகவே அவர் தன் நகரில் ராப்சோடர் போட்டிகளையே நிறுத்திவிட்டார். பாட்டுச் சொல்கிறவர்களைப் பார்த்து ஆட்சியாளர் அஞ்சினார் என்றால் கூட்டத்தை அவர்கள் எப்படிக் கட்டிப்போட்டிருக்க வேண்டும்!

அந்தக் கட்டிப்போடுதலை மிக நெருக்கத்தில் காட்டுவது பிளேட்டோ எழுதிய 'இயோன்' என்ற சின்ன உரையாடல். எபீசஸ் நகரத்து இயோன் ஒரு ராப்சோடர். எபிடாரஸ் ஊர்த் திருவிழாவில் முதல் பரிசு வாங்கிய கையோடு வருகிறார். வழியில் சாக்ரடீஸிடம் மாட்டிக்கொள்கிறார். பேச்சுக்கிடையில் இயோன் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: மற்ற கவிஞர்களைப் பற்றி யாராவது பேசினால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, ஹோமர் என்றால் மட்டும் விழித்துக்கொள்கிறேன், பேச்சு பெருக்கெடுக்கிறது, இது ஏன்?

சாக்ரடீஸ் சொல்லும் பதில்தான் இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம். காந்தக் கல்லை நினைத்துப் பார், என்கிறார். அது ஓர் இரும்பு வளையத்தை இழுக்கிறது. அதோடு நின்றுவிடாமல் அந்த வளையத்துக்கும் இழுக்கும் சக்தியைக் கொடுக்கிறது. அந்த வளையம் இன்னொன்றை இழுக்க, அது மற்றொன்றை இழுக்க, நீளமாக ஒரு சங்கிலி தொங்குகிறது. கலைத்தெய்வம் அந்தக் கல். கவிஞன் முதல் வளையம். நீ நடுவளையம். உன்னைக் கேட்டு அழுகிறானே, அவன் கடைசி வளையம். உங்கள் யாரிடமும் இருப்பது சொந்தச் சக்தி இல்லை. கல்லிலிருந்து ஒருவர் வழியாக ஒருவருக்கு இறங்கி வந்த சக்தி.

இயோன் அதை மறுக்கவில்லை. சோகமான இடம் வந்தால் என் கண்ணில் நீர் முட்டுகிறது, பயங்கரமான இடம் வந்தால் மயிர் சிலிர்த்து நெஞ்சு படபடக்கிறது என்கிறார். உடனே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறார்: மேடையிலிருந்து கூட்டத்தையும் ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், அவர்களை நான் அழவைத்தால் பணம் வரும், நான் சிரிக்கலாம், அவர்கள் சிரித்துவிட்டால் பணம் போச்சு, நான்தான் அழ வேண்டும். முழுக்கத் தன்னை மறந்த நிலையும் முழுக்கத் தொழில் தெரிந்த கையும் ஒரே ஆளிடம். ராப்சடி என்றாலே கட்டுக்கடங்காத உணர்ச்சி என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த இயோனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தைப்பதற்குக் கை நடுங்கக் கூடாது.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் வருகிறது. முதலில் பழைய பொருளோடுதான், காப்பியத்தின் ஒரு பகுதி என்று. சீக்கிரமே தையல் பிரிய ஆரம்பித்தது. துண்டு துண்டாக ஒட்டியது என்ற எண்ணம் மேலோங்கி, 'முன்னுக்குப் பின் தொடர்பில்லாத சொற்குவியல்' என்ற இழிபொருள் வந்து சேர்ந்தது. 1600-ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ஹாம்லெட் நாடகத்தில், மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில், ஹாம்லெட் தன் தாயைக் குற்றம்சாட்டும்போது இந்தச் சொல்லை வீசுகிறான். அவள் செய்த செயல் புனிதமான சமயத்தையே வெறும் வார்த்தைகளின் ராப்சடியாக ஆக்கிவிட்டதாம். பள்ளியிலோ கல்லூரியிலோ அந்த வரியைப் படிக்கிறவர்கள் 'பரவசம்' என்று பொருள் கொண்டால் வரி தலைகீழாகிவிடும். அங்கே அது பிதற்றல், உயிரற்ற சொல்மூட்டை.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் கொடுக்கும் விளக்கமும் அதே திசைதான்: ஒன்றையொன்று சார்ந்திராத, இயல்பான தொடர்பில்லாத பகுதிகளைச் சேர்த்து இணைத்தது. இன்பமும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஒட்டுப்போட்ட துணி மட்டும் இருக்கிறது.

பின்னே பரவசம் எப்போது உள்ளே நுழைந்தது? ஜான்சனுக்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டிலேயே, மற்றொரு கிளை முளைத்திருந்தது. ஒழுங்கில்லாமல் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சொல்ல ஒன்றும் இல்லாததால் உளறுகிறவர்கள் ஒரு வகை. நெஞ்சு நிரம்பி வழிவதால் வரிசை தவறுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரின் பேச்சுக்கும் இதே சொல் பொருந்தியது. வசை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, வியப்பு ஏறியது. 1709-இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இயற்கையைப் போற்றும் தன் உரையாடல் நூலுக்குத் 'தத்துவ ராப்சடி' என்று தானே துணைத்தலைப்பு வைத்தார். தன் நூலை யாரும் தாமே உளறல் என்று அழைக்க மாட்டார்கள். சொல்லின் மதிப்பு அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்று ஆங்கிலத்தில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளும் இசைப்பொருளும்தான். ஆனால் பழைய வசையின் வாசனை முற்றிலும் போய்விடவில்லை. பயன்படுத்தும்போது அதைக் கவனிக்க வேண்டும்.

அன்றாட ஆங்கிலத்தில் இது மிக அதிகமாக வருவது 'கோ இன்டு ராப்சடீஸ்' என்ற தொடரில். பன்மையாகத்தான் வரும். எதைப் பற்றி என்பதற்கு 'ஓவர்' அல்லது 'அபவுட்' சேர்ப்பார்கள். 'ஷி வென்ட் இன்டு ராப்சடீஸ் ஓவர் ஹர் நியூ வயலின்' என்றால், புது வயலினைப் பற்றி அவள் மாய்ந்து மாய்ந்து பேசினாள் என்று பொருள். வயலின் வாங்கியதில் அவளுக்கு மகிழ்ச்சி என்பது அதற்குள் அடக்கம். வாக்கியம் சொல்ல வருவது அவள் பேசிய பேச்சை. 'ஐ ஆம் இன் ராப்சடி' என்று சிலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு உரிய சொல் 'எக்ஸ்டஸி' அல்லது 'ராப்ச்சர்'. ஒலி நெருக்கத்தால் வரும் குழப்பம் அது.

வினையாக வேண்டுமானால் 'ராப்சடைஸ்'. இதற்கும் அதே 'அபவுட்', 'ஓவர்'. பெரும்பாலும் பிறரைப் பற்றிச் சொல்லும்போதுதான் இந்த வினை வரும். 'அவர் தன் ஊர் ஆற்றைப் பற்றி ராப்சடைஸ் செய்தார்' என்று ஒருவர் எழுதினால், அதில் அன்பும் இருக்கலாம், 'கொஞ்சம் ஓவராகத்தான் போனார்' என்ற சின்னக் குறிப்பும் இருக்கலாம். எது என்பதைச் சுற்றியுள்ள வாக்கியங்கள்தான் காட்டும். அலுவலகக் கடிதத்தில் மேலதிகாரியைப் பாராட்டுவதாக நினைத்து 'நீங்கள் திட்டத்தைப் பற்றி ராப்சடைஸ் செய்தீர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். மிகைப்படுத்திவிட்டீர்கள் என்று அவருக்குப் படலாம்.

'வேக்ஸ் ராப்சாடிக்' என்றொரு தொடரும் கண்ணில் படும். இதில் வரும் 'வேக்ஸ்' மெழுகு இல்லை. வளர்தல், ஆகுதல் என்ற பொருள் கொண்ட பழைய வினை. வளர்பிறைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'வேக்ஸிங் மூன்' அதே வினைதான். பேச்சு வளர்ந்து வளர்ந்து பரவசத்தைத் தொடுகிறது என்பது அந்தத் தொடரின் உட்பொருள். பிறை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

இன்னொரு தவறான உறவையும் இங்கேயே வெட்டிவிடலாம். 'ராப்' பாட்டு ராப்சடியிலிருந்து வந்தது என்று சிலர் நம்புகிறார்கள். அது தட்டுதல் என்ற பொருள் தரும் வேறொரு ஆங்கிலச் சொல். இரண்டிலும் மேடையில் மூச்சு விடாமல் சொல்லடுக்குகிறார்கள் என்பது அழகான தற்செயல், அவ்வளவே.

இனி இசை. பலருக்கு இந்தச் சொல் அறிமுகமாவதே இசைத் தலைப்பு வழியாகத்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டோமாஷெக் என்ற செக் இசையமைப்பாளர் சிறு பியானோ ஆக்கங்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். அதை உலகமறியச் செய்தவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். அவருடைய ஹங்கேரிய ராப்சடிகள் மொத்தம் 19. ரோமா (ஜிப்ஸி) மக்களின் இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகளை, தொலைந்துபோன ஒரு காப்பியத்தின் துண்டுகளாக அவர் கண்டார், துண்டுகளைத் தைத்தார். பழைய கிரேக்கப் பொருளை அறிந்தே அவர் எடுத்த பெயர் அது. இரண்டாவது ராப்சடியை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமலே. டாம் அண்ட் ஜெர்ரியில் டாம் கோட்டு போட்டுக்கொண்டு பியானோ வாசிக்க, ஜெர்ரி உள்ளே தூங்கிக்கொண்டிருக்குமே, ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் ஒலிப்பது அதுதான். முதல் பாதி கனத்த நடையில் ஊர்ந்து போகும். பின்பாதி மெல்லத் தொடங்கி, வேகம் ஏறி, கடைசியில் விரல் தெரியாத ஓட்டம். தங்கையின் ஃபோன் பேச்சு ஏறிய மாதிரியே.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் அரங்கில் முதலில் ஒலித்தது. பால் வைட்மேனின் இசைக்குழு, பியானோவில் கெர்ஷ்வினே. அவருக்கு வயது 25. தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து ஒரு குழைவில் மேலே ஏறிப் போகும், அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒலி. கெர்ஷ்வின் எழுதியது தனித்தனி ஸ்வரங்கள் அடுக்கிய ஓர் ஏற்றம். ஒத்திகையில் கிளாரினெட் கலைஞர் ராஸ் கோர்மன் விளையாட்டாக அதை இழுத்துக் குழைத்து வாசித்தார். கெர்ஷ்வினுக்கு அது பிடித்துப்போய், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். பியானோ தனித்து வாசிக்கும் பகுதிகள் சில அன்று தாளில் எழுதப்படவே இல்லை. கெர்ஷ்வின் தலையசைக்கும்வரை காத்திருக்கும்படி வைட்மேனின் பிரதியில் குறிப்பு இருந்தது. எழுதியதும் எழுதாததும், குறும்பும் திட்டமும் சேர்ந்து தைத்த ஆக்கம். அந்தக் கிளாரினெட் இழுப்பை ஒரு முறை கேளுங்கள். 'ராப்சாடிக்' என்ற பெயரடைக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை என்னால் சொல்லால் தர முடியாது.

இசையில் ராப்சடிக்குக் கட்டாய அமைப்பு எதுவும் இல்லை. சொனாட்டா, ஃபியூகு போன்ற மேற்கத்திய இசைவடிவங்களுக்கு உண்டு. இதற்கு இல்லை. ஒரே தொடர்ச்சியாகப் போகும், மனநிலை திடீர் திடீரென மாறும், தாளமும் வேகமும் இசைப்பவர் மூச்சுக்கு ஏற்ப வளையும். குயீன் குழுவின் 1975-ஆம் ஆண்டு 'பொஹீமியன் ராப்சடி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மென்மையான பாட்டு, கிடார் தனி, ஆபரா, கனத்த ராக், மறுபடி மென்மை. திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. ஒவ்வொரு துண்டும் வேறு துணி. தையல் கண்ணுக்குத் தெரிகிறது, அதை மறைக்கவும் அவர்கள் முயலவில்லை.

எல்லா ராப்சடியும் இப்படிக் கட்டவிழ்ந்ததில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1934-இல் பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய, வயலின் மேதை பகானினியின் கருப்பொருள் மீதான ராப்சடி கறாரான 24 மாற்றுருக்கள் (ஒரே மெட்டை வெவ்வேறு விதமாக மாற்றி அமைத்த வடிவங்கள்) கொண்டது. அதில் உருக உருகப் பாடும் 18-ஆவது மாற்றுரு எப்படி வந்தது தெரியுமா? மூல மெட்டைத் தலைகீழாகத் திருப்பியதில். மேலே போன இடத்தில் கீழே, கீழே போன இடத்தில் மேலே. கேட்பவருக்கு அது நெஞ்சிலிருந்து அப்படியே வழிந்தது போலிருக்கும். மேடையில் அழுதுகொண்டே கூட்டத்தைக் கவனித்த இயோன்தான் எனக்கு நினைவுக்கு வருவார்.

பக்கத்து வீட்டுச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இதன் இடம் இன்னும் துலங்கும். 'எக்ஸ்டஸி' கிரேக்கத்தில் தனக்கு வெளியே நிற்றல். தன்னிலை இழத்தல் என்று நாம் சொல்வதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. 'ராப்ச்சர்' லத்தீன், பறித்துக்கொண்டு போவது. இரையைப் பறிக்கும் கழுகு வகைக்கு வழங்கும் 'ராப்டர்' அதன் உடன்பிறப்பு. ராப்சடிக்கும் அதற்கும் ஒலியில் மட்டுமே நெருக்கம். 'என்தூசியாஸம்' என்றால் உள்ளே தெய்வம் குடிபுகுந்த நிலை. சாக்ரடீஸ் இயோனுக்குச் சொன்னது அதைத்தான். இந்தச் சொற்களெல்லாம் ஆளுக்கு உள்ளே நடப்பதைச் சொல்கின்றன. வெளியே வருவதைச் சொல்வது ராப்சடி மட்டும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இசைத் தலைப்பு என்றால் ராப்சடி என்றே விட்டுவிடுவது நல்லது. சொனாட்டாவை, சிம்பொனியை அப்படித்தானே விட்டிருக்கிறோம். பேச்சையும் எழுத்தையும் குறிக்கும்போதுதான் சிக்கல். 'உவகை' தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. அருமையான சொல், ஆனால் உணர்வின் பெயர். 'மெய்ப்பாடு' என்ற சொல்லில் வெளிப்பாடு இருக்கிறது, ஆனால் அது உடலில் தெரிவது. 'புகழ்ச்சி'யில் பேச்சு இருக்கிறது, பரவசம் இல்லை, கூலிக்கும் புகழலாம். 'பரவச உரை', 'களிப்புரை' என்று பெயர்ச்சொல் செய்து பார்த்தேன். இலக்கணப்படி சரிதான். ஆனால் யார் வாயிலும் வராத சொற்கள்.

பெயர்ச்சொல்லைத் தேடுவதை நிறுத்திய பிறகுதான் வழி கிடைத்தது. தமிழ் இந்த வேலையை வினையை இரட்டித்துச் செய்கிறது. உருகி உருகிப் பேசினார். சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பாராட்டித் தள்ளினார். வாய் ஓயாமல் சிலாகித்தார். அந்த அடுக்கிலேயே தையல் இருக்கிறது, ஒரு சொல்லை இழுத்து அதே சொல்லின் மேல் இன்னொரு தையல். விமர்சகர்கள் ஒரு பாடகியின் குரலைப் பற்றி 'வென்ட் இன்டு ராப்சடீஸ்' என்றால், 'உருகி உருகி எழுதினார்கள்' என்று போட்டுவிட்டு நான் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். மிகைதான் என்று எழுதியவர் கருதுகிற இடமானால், 'புகழ்ந்து தள்ளிவிட்டார்கள்'. ஹாம்லெட்டின் வரியானால் இரண்டும் உதவாது. அங்கே 'வெறும் சொற்கோவை' என்ற கசப்பு வேண்டும்.

கிரகணம் பார்த்த அந்தத் தங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் யாராவது 'ஷி ராப்சடைஸ்ட் அபவுட் த எக்லிப்ஸ்' என்று எழுதியிருந்தால், நான் இப்படித் தமிழாக்குவேன்: கிரகணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.